போர் ஓய்ந்தாலும் ஓயாத வலி: சிதைந்த சமூகங்களின் மனக்காயம் ஆறுவது எப்படி?

ஆண்டுதோறும் ஏப்ரல் 7-ஆம் தேதி ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் துக்க வாரம் தொடங்குகிறது. நினைவிடங்களிலும் விளையாட்டரங்குகளிலும் மக்கள் கூடுகின்றனர். உயிர் தப்பியவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கியதும், கூட்டத்தின் நடுவிலிருந்து திடீரென ஓர் அலறல் எழுகிறது. ஒருவர் மூச்சுத்திணறி மயங்கி விழுகிறார். துரத்தியவர்கள் மீண்டும் வந்துவிட்டதைப் போல மற்றொருவர் எழுந்து ஓடுகிறார். தனி உடை அணிந்த தொண்டர்கள் அவர்களைத் தாங்கிப் பிடித்து, அமைதியான ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று அருகில் அமர்ந்து கொள்கின்றனர்.

1994-ஆம் ஆண்டு இனப்படுகொலை முடிந்து 30 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஆயினும் குடிநீர், நிழற்பந்தல் போன்ற ஏற்பாடுகளுடன் மனநல முதலுதவிக் குழுவும் இன்றி அங்கு நினைவேந்தல் கூட்டம் நடத்தப்படுவதில்லை.

துப்பாக்கிகள் ஓய்ந்ததும் சாலை, பாலம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சீரமைக்கத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. அவற்றுக்குக் கால வரம்பு உண்டு, செலவுக் கணக்கும் உண்டு. மனக்காயத்துக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. அதை ஆற்றும் வழி குறித்து நெடுங்காலமாக நிலவிவந்த ஒரு நம்பிக்கையும் அண்மை ஆண்டுகளில் கேள்விக்குள்ளாகி உள்ளது. நடந்ததை வெளிப்படையாகப் பேசிவிட்டால், உண்மை அம்பலத்துக்கு வந்துவிட்டால், சமூகமும் மனிதரும் ஒருசேரக் குணமடைவர் என்பதே அந்த நம்பிக்கை. சமூகம் நலமடைவதும் தனிமனிதர் நலமடைவதும் எப்போதும் ஒன்றாகவே நிகழ்வதில்லை என்று ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

ஐவரில் ஒருவர்

போர்ப் பகுதிகளில் மனநல பாதிப்பு எவ்வளவு பரவலானது என்பதை உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, முந்தைய 10 ஆண்டுகளில் போரைக் கண்ட பகுதிகளில் வாழ்வோரில் சுமார் 22 சதவீதத்தினர், அதாவது ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர், ஏதேனும் ஒரு மனநல பாதிப்புடன் வாழ்கின்றனர். மனச்சோர்வு, பதற்றம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயான பி.டி.எஸ்.டி., மனச்சிதைவு உள்ளிட்டவை இதில் அடங்கும்.

இந்த எண்ணிக்கையை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டியுள்ளது. ஐவரில் ஏறத்தாழ நால்வருக்கு மருத்துவர் பெயர் சூட்டத்தக்க நோய் எதுவும் இல்லை. ஆனால் அவர்களும் துக்கத்தில் இருக்கின்றனர். உறக்கம் கலைகிறது, சந்தைக்குச் செல்ல அஞ்சுகின்றனர், பக்கத்து வீட்டாரை நம்ப மறுக்கின்றனர். போரைக் கண்ட அனைவரையும் நோயாளி என்று கருதுவது தவறு. நோயில்லை என்பதால் உதவியே தேவையில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரந்த வெளியில்தான் சமூகம் சார்ந்த மனநலப் பணி அமைகிறது.

பக்கத்து வீட்டாரே கொலையாளிகள்

1990 முதல் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ருவாண்டாவில், 1994 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு அதிபர் ஜுவனால் ஹப்யாரிமானா பயணித்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்தில் கொலைகள் தொடங்கின. ஏறத்தாழ 100 நாள்களில் சிறுபான்மை டுட்சி இனத்தவரும், கொலைகளுக்கு உடன்பட மறுத்த ஹுட்டு இனத்தவரும் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் சுமார் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. வட்டாரங்கள் பொதுவாகக் குறிப்பிடும் எண்ணிக்கை. 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் மதிப்பிடப்படுகிறது.

இக்கொலைகளைச் செய்தவர்கள் படையினரும் ஆயுதக் குழுவினரும் மட்டுமல்லர். ஒரே கிணற்றில் நீர் இறைத்த அண்டை வீட்டாரும், ஆசிரியரும், சில இடங்களில் உறவினரும் அரிவாள் ஏந்தினர். அடைக்கலம் தேடி ஓடிய தேவாலயங்களிலேயே ஆயிரக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தலைநகர் கிகாலிக்குத் தெற்கே உள்ள நியாமட்டா தேவாலயத்தில் இறந்தவர்களின் ஆடைகள் அமர்பலகைகளின் மீது இன்றும் வைக்கப்பட்டுள்ளன.

எல்லை தாண்டி வந்த பகைவன் போர் முடிந்ததும் திரும்பிச் சென்றுவிடுவான். ருவாண்டாவில் அவன் எங்கும் செல்லவில்லை. மலைச்சரிவுகளில் அடுத்தடுத்து வீடுகள் அமைந்த அந்நாட்டில், கணவனை இழந்த பெண்ணும் அவரது கணவரைக் கொன்றவரின் மனைவியும் ஒரே பாதையில்தான் நடக்க வேண்டியிருந்தது. எனவே காயம் தனி மனங்களில் மட்டுமல்லாமல், மனிதர்களுக்கு இடையிலான உறவிலும் விழுந்திருந்தது. மாத்திரையால் உறக்கத்தை ஓரளவு மீட்கலாம். அண்டை வீட்டார் மீதான நம்பிக்கையை மீட்க மாத்திரை இல்லை.

2018-ஆம் ஆண்டு அந்நாட்டில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வில், பொதுமக்களிடையே பி.டி.எஸ்.டி. பாதிப்பு 3.6 சதவீதமாகவும், இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களிடையே சுமார் 28 சதவீதமாகவும் இருந்தது. கடும் மனச்சோர்வு பொதுமக்களில் 12 சதவீதத்தினருக்கும், உயிர் தப்பியவர்களில் 35 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. 24 ஆண்டுகள் கழிந்த பின்னர் எடுக்கப்பட்ட கணக்கு இது.

நோய்க்கு ஊர் சூட்டிய பெயர்

மேலைநாட்டு மருத்துவ நூல்கள் விவரிக்கும் அறிகுறிகளுடன் ருவாண்டா மக்களின் துன்பம் முழுமையாகப் பொருந்தவில்லை. அவர்கள் தங்கள் நிலையை 'இஹாஹாமுக்கா' என்று அழைத்தனர். நுரையீரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இந்தப் பெயருக்கு, அச்சத்தால் மூச்சு நின்றுபோதல் என்று ஏறத்தாழப் பொருள் கூறலாம். மூச்சடைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கண்முன் பழைய காட்சிகள் தோன்றுதல் ஆகியவை ஒன்றாக வந்து ஆளை வீழ்த்தும். இனப்படுகொலைக்குப் பிறகு பரவலாகிய இச்சொல், இன்று அந்நாட்டு மருத்துவர்களும் பயன்படுத்தும் சொல்லாகிவிட்டது.

இது வெறும் சொல் ஆராய்ச்சி அன்று. வலியை மக்கள் எந்தச் சொல்லால் குறிக்கின்றனர் என்பதை அறியாதவர்கள், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலும் புரிந்துகொள்ள இயலாது. 'மனச்சோர்வு உள்ளதா?' என்ற கேள்விக்கு இல்லை என்று தலையசைக்கும் ஒருவர், 'நெஞ்சு அடைக்கிறதா?' என்று கேட்டால் கண்கலங்கக் கூடும். நம் ஊர்களிலும் மனத்துயர் பெரும்பாலும் தலைவலியாகவும் உடல் அசதியாகவுமே மருத்துவரிடம் வந்து சேர்கிறது.

உடனே பேச வைப்பது உதவுமா?

மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பது பொதுவான எண்ணம். இதன் அடிப்படையில், பேரிடரோ தாக்குதலோ நடந்த சில நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை அமரவைத்து, நடந்ததை விரிவாக விவரிக்கச் செய்யும் ஒருநாள் ஆலோசனை முறை 1980-களிலும் 1990-களிலும் உலகெங்கும் பரவியது. பின்னர் நடந்த மருத்துவ ஆய்வுகள் இதனால் பி.டி.எஸ்.டி. தடுக்கப்படவில்லை என்றும், சிலருக்கு நிலைமை மோசமாகவும் கூடும் என்றும் கண்டறிந்தன. அண்மையில் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு இம்முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு இப்போது அறிவுறுத்துகிறது.

அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது உளவியல் முதலுதவி. பெயர் பெரிதாக இருந்தாலும் செயல் எளிது. பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது, உணவும் போர்வையும் தருவது, பிரிந்த உறவினரைத் தேடித் தருவது, அவராக விரும்பிப் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது, பேசாவிட்டால் வற்புறுத்தாமல் உடனிருப்பது ஆகியவையே அது. இழவு வீட்டுக்குச் செல்லும் பெரியவர்கள் எந்தப் பயிற்சியும் இன்றிச் செய்துவருவதற்கு இது மிகவும் நெருக்கமானது.

புல்வெளி நீதிமன்றங்கள்

முதல் சில வாரங்களுக்கு இது போதும். ஆண்டுகள் கடந்த பின்னர், நீதியின் பெயரால் ஒரு நாடே பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ருவாண்டாவில் விடை கிடைத்தது.

1990-களின் இறுதியில் அந்நாட்டுச் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் விசாரணையின்றி அடைபட்டிருந்தனர். வழக்கமான நீதிமன்றங்களில் அனைத்து வழக்குகளையும் முடிக்க 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. எனவே ஊர்த் தகராறுகளைப் பெரியவர்கள் புல்வெளியில் கூடித் தீர்க்கும் பழைய வழக்கமான 'கச்சாச்சா' முறையை அரசு புதுப்பித்தது. ஏறத்தாழ நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் போன்றது இது. ஆனால் விசாரிக்கப்பட்டவை வரப்புத் தகராறுகள் அல்ல, கொலைகள்.

2002-இல் சோதனை முறையில் தொடங்கி, 2005-இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட இந்த நீதிமன்றங்கள் 2012 ஜூன் மாதம் முறைப்படி நிறைவு செய்யப்பட்டன. சுமார் 12,000 ஊர் நீதிமன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர். நேர்மையானவர் என்று ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, உடல் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டியவர்களுக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. தந்தை எங்கே கொல்லப்பட்டார், தாயின் உடல் எந்தக் குழியில் உள்ளது என்பதைப் பலர் முதன்முறையாக அங்குதான் அறிந்தனர்.

இதன் மறுபக்கத்தை சுவீடன் ஆய்வாளர் காரின் புரூனெயுஸ் பதிவு செய்தார். சாட்சி சொன்ன பெண்களை அவர் சந்தித்தபோது, பேசியதால் நிம்மதி கிடைத்ததாகக் கூறியவர்கள் அரிதாகவே இருந்தனர். குற்றவாளியின் உறவினர்கள் நிறைந்த கூட்டத்தில், ஏளனத்துக்கும் மிரட்டலுக்கும் நடுவே பேச வேண்டியிருந்தது. மறந்திருந்த காட்சிகள் திரும்பின. 2010-இல் வெளியான, சுமார் 1,200 பேரிடம் அவர் நடத்திய ஆய்வில், கச்சாச்சாவில் சாட்சியம் அளித்தவர்களுக்கு, அளிக்காதவர்களை விட மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி. பாதிப்பும் அதிகமாக இருந்தன.

சியரா லியோன் ஆய்வு சொன்னது

ஒரே நாட்டின் தனி அனுபவம் என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் தாக்கினர். போருக்குப் பின் 'ஃபாம்புல் டாக்' என்ற அமைப்பு கிராமந்தோறும் நல்லிணக்க நிகழ்ச்சிகளை நடத்தியது. 'குடும்பப் பேச்சு' என்பது அப்பெயரின் பொருள். ஊர் நடுவே தீ மூட்டி, பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் துயரைச் சொல்ல, குற்றம் செய்தவர்கள் எழுந்து மன்னிப்புக் கேட்டனர்.

இதன் விளைவை அறிய 200 கிராமங்களில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பாதிக் கிராமங்களில் நிகழ்ச்சி நடத்தப்பட்டது. மீதிக் கிராமங்கள் ஒப்பீட்டுக்காக விடப்பட்டன. 9 மாதங்கள் கழித்தும் 31 மாதங்கள் கழித்தும் மக்களிடம் விவரம் சேகரிக்கப்பட்டது. 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவுகள் இருமுனைக் கத்தியாக அமைந்தன. நிகழ்ச்சி நடந்த ஊர்களில் குற்றம் செய்தவர்களை மன்னிக்கும் மனநிலை கூடியிருந்தது. நட்பும் உதவியும் பெருகின. பள்ளி கட்டுவது போன்ற பொது வேலைகளுக்கு மக்கள் அதிகம் பங்களித்தனர். அதே ஊர்களில் மனச்சோர்வு, பதற்றம், பி.டி.எஸ்.டி. ஆகியவையும் கூடியிருந்தன, 31 மாதங்கள் கடந்தும் அவை தணியவில்லை.

ஊர் ஒன்றுபட்டது, அதற்கான விலையைப் பாதிக்கப்பட்டவர்களின் மனம் கொடுத்தது. ஓரிரு நாளில் காயத்தைத் திறந்துவிட்டு, அதன் பின்னர் யாரும் உடனிருக்காததே காரணமாக இருக்கலாம் என்று கருத இடமுள்ளது. எனவே இவ்வாய்விலிருந்து 'பேசாமல் இருப்பதே மேல்' என்ற முடிவுக்கு வருவது அவசரம். மௌனத்தால் குணமடைந்த சமூகம் என்று எதையும் எளிதில் சுட்டிக்காட்ட முடியாது. பேச்சு எப்போது தொடங்க வேண்டும், யார் முன்னிலையில் நடக்க வேண்டும், கூட்டம் கலைந்த பின் யார் உடனிருப்பார் என்பவையே விடை தேட வேண்டிய கேள்விகள்.

வாரம் ஒருமுறை, 15 வாரங்கள்

இக்கேள்விகளுக்கு நடைமுறை விடையாக அமைந்த ஒரு முயற்சி, ருவாண்டாவின் வட பகுதியில் உள்ள பியும்பாவில் 2005-ஆம் ஆண்டு தொடங்கியது. நெதர்லாந்தைச் சேர்ந்த கோரா டெக்கர், அங்குள்ள ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துடன் இணைந்து உருவாக்கிய இம்முறை 'சமூக சிகிச்சை' எனப்படுகிறது. சிகிச்சை என்ற பெயர் இருந்தாலும் இதில் மருத்துவர் இல்லை, மருந்தும் இல்லை.

ஒரே பகுதியில் வாழும் 10 முதல் 15 பேர் கொண்ட குழு, வாரத்துக்கு ஒருமுறை சுமார் மூன்று மணி நேரம் வட்டமாக அமர்கிறது. 15 வாரங்கள் இது தொடர்கிறது. அதே ஊரைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற இருவர் குழுவை நடத்துகின்றனர். அவர்களில் ஆசிரியரும் இருப்பர், விவசாயியும் இருப்பர். கணவனை இழந்தவர், சிறையிலிருந்து திரும்பியவர், சிறையில் உள்ளவரின் மனைவி என்று எதிரெதிர்த் தரப்பினர் ஒரே வட்டத்தில் அமர்வது உண்டு.

முதல் வாரங்களில் இனப்படுகொலை பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. பாதுகாப்பாக உணர்வது எப்படி என்பதிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. எங்கே அமர்வது, குழுவில் பேசியதை வெளியே சொல்லலாமா, தாமதமாக வந்தால் என்ன செய்வது போன்ற சிறு விதிகளைக் குழுவே வகுக்கிறது. தங்கள் வாழ்க்கையில் எதையும் தீர்மானிக்கும் வாய்ப்பை இழந்திருந்தவர்களுக்கு இச்சிறு முடிவுகளும் பெரியவையே. பாதுகாப்பை அடுத்து நம்பிக்கை, பிறகு பரிவு, அதன்பின் மரியாதை என்று படிப்படியாகச் சென்று, இறுதிக் கட்டத்தில்தான் நினைவுகள் வருகின்றன. அப்போதும் பேசுவது கட்டாயமில்லை.

கச்சாச்சாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த வரிசைமுறையில் இருக்கிறது. அங்கே முதல் நாளிலேயே உண்மை தேவைப்பட்டது. அது நீதிமன்றம் என்பதால் வேறு வழியும் இல்லை. இங்கே பேச்சைத் தாங்கும் தளம் முதலில் அமைக்கப்படுகிறது. பியும்பாவில் இக்குழுக்களில் பங்கேற்ற 100 பேரையும் பங்கேற்காத 100 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. பங்கேற்றவர்களின் மனநலம் மற்றவர்களைக் காட்டிலும் மேம்பட்டிருந்ததும், குழு கலைந்து 8 மாதங்கள் ஆன பின்னரும் அம்மேம்பாடு நீடித்ததும் அதில் தெரியவந்தது. பலன் மிகப் பெரியது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பலன் கெடவில்லை என்பது முக்கியம். 15 வாரங்கள் முடிந்த பின்னரும் குழுவினர் பலர் சேமிப்புக் குழுவாகவோ, ஒருவர் வயலில் மற்றவர் உழைத்துக் கொடுக்கும் கூட்டாகவோ தொடர்ந்து சந்தித்து வந்தனர்.

கயிறு, கல், பூ

குழுவில் அமர்வது அனைவருக்கும் போதுமானதன்று. காட்சிகள் இரவும் பகலும் துரத்தும் நிலையில் உள்ளவர்களுக்குத் தனிச் சிகிச்சை தேவை. ஜெர்மனியின் கோன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய முறையில், பாதிக்கப்பட்டவர் முன் ஒரு கயிறு விரிக்கப்படுகிறது. அது அவரது வாழ்நாள். பிறந்தது முதல் இன்றுவரை நடந்த நல்லவற்றுக்குப் பூக்களையும், கொடியவற்றுக்குக் கற்களையும் அவரே கயிற்றின் மீது வைக்கிறார். பின்னர் அடுத்தடுத்த சந்திப்புகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து, அது எப்போது, எங்கே நடந்தது என்று முன்பின் வரிசையில் கதையாகச் சொல்கிறார். சொல்லி முடித்த கதை எழுதப்பட்டு, அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டப்படுகிறது. சிதறிய நினைவுகள் காலமும் இடமும் பெற்றுக் கடந்தகாலத்தில் அமர்வதே இதன் நோக்கம்.

உகாண்டாவின் நக்கிவாலே முகாமில் இம்முறை சோதிக்கப்பட்டது. அங்கிருந்த ருவாண்டா, சோமாலியா அகதிகளிலிருந்தே சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறு வாரப் பயிற்சி பெற்று ஆலோசகர்களாயினர். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, 9 மாதங்களுக்குப் பின் இச்சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேரிடம் பி.டி.எஸ்.டி. இருப்பதாகக் கணிக்க இயலவில்லை. சிகிச்சை பெறாதவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கே அந்த நிலையை எட்டினர். அதே முகாமில் வேறு வகை ஆலோசனை பெற்றவர்களும் கிட்டத்தட்ட இணையான பலனை அடைந்தனர். இன்ன முறை என்பதை விட, பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து வருவதே மிகுதியாக உதவியதோ என்று இது எண்ண வைக்கிறது.

மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி அளித்து மனநலப் பணியில் ஈடுபடுத்தலாம் என்பதற்கு இந்தியாவும் வலுவான சான்று அளித்துள்ளது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் தலைமையில் கோவாவில் நடந்த ஆய்வு, உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்க உதவுவதைக் காட்டியது. 2010-இல் 'லான்செட்' இதழில் வெளியான அது போர் பற்றிய ஆய்வன்று. எனினும் மருத்துவர்களே இல்லாத போர்ப் பகுதிகளில் பணியாற்றுவோருக்கு அத்தகைய முடிவுகள் நம்பிக்கை அளித்தன.

உடல் கிடைக்காத துக்கம்

2018-ஆம் ஆண்டு கிகாலியின் புறநகரான கபுகாவில், வீடுகளுக்கு அடியில் பெரும் புதைகுழிகள் கண்டறியப்பட்டன. 24 ஆண்டுகளாக அப்பகுதியில் இதை அறிந்திருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் அதே தெருக்களில் நடந்து சென்றனர். மறு ஆண்டு மே மாதம் 80,000-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டன. எலும்புகள் கிடைத்த நாளில்தான் தங்கள் துக்கம் தொடங்கியது போலப் பல குடும்பங்கள் அழுதன.

உறவு இறந்ததா, உயிருடன் உள்ளதா என்று தெரியாமல் வாழும் நிலையை 'தெளிவற்ற இழப்பு' என்று அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் பெயரிட்டார். இதில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. தமிழ் வாசகர்கள் இதற்கு ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்த பின்னும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் கையில் புகைப்படங்களுடன் காத்திருக்கின்றனர். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய அவர்களது தொடர் போராட்டம் ஆண்டுகளைக் கடந்து நீடித்தது. 31-ஆம் நாள் அந்தியேட்டி செய்வதா, கூடாதா? நெற்றியில் பொட்டு வைப்பதா, அழிப்பதா? இறந்த நாளே தெரியாதபோது திவசத்தை எந்தத் திதியில் கொடுப்பது? இக்கேள்விகளுக்கு எந்த ஆலோசகரிடமும் விடை இல்லை. அவர்கள் கேட்பது ஆறுதலையும் அன்று, தகவலை.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனிமனித நோயாக மட்டும் பார்ப்பது போதாது என்று வலியுறுத்தியவர். குடும்பமும் கிராமமும் சேர்ந்து அடையும் 'கூட்டு மனவடு' பற்றி 2007-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஒருவரையொருவர் நம்பாமை, வாய்மூடிய மௌனம், செயலற்றுப்போதல், தலைமை ஏற்க ஆளின்மை ஆகியவற்றை அதன் அடையாளங்களாக அவர் குறித்தார். ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பது, சடங்குகளையும் திருவிழாக்களையும் மீண்டும் நடக்கச் செய்வது, மக்களுக்குப் பழக்கமான தியானம், யோகாசனம் போன்றவற்றைப் பயன்படுத்துவது ஆகியவை அவர் பரிந்துரைத்த வழிகளில் அடங்கும். பொதுவெளியில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் உரிமையும் மனநலம் சார்ந்ததே என்பது இதிலிருந்து விளங்கும்.

பசுவும் ஒரு மருந்து

பசித்த வயிற்றுடன் இருப்பவரிடம் மனநலம் பேசுவது பலனளிக்காது. 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், மனநல உதவியை ஒரு கோபுரமாக வரைந்தன. அடித்தளத்தில் பாதுகாப்பும் உணவும் உறைவிடமும். அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவு. அதற்கும் மேல் பயிற்சி பெற்ற பணியாளர்களின் உதவி. உச்சியில் மட்டுமே மனநல மருத்துவர். நடைமுறையில் பல நிவாரணத் திட்டங்கள் உச்சியிலிருந்து கட்டத் தொடங்கிவிடுகின்றன.

ருவாண்டாவில் பசு என்பது வெறும் கால்நடை அன்று, நட்பின் அடையாளம். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு வழங்கும் அரசுத் திட்டம் 2006-இல் தொடங்கப்பட்டது. பசுவைப் பெற்றவர் அதன் முதல் கிடாரிக் கன்றை அயலார் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். பால் வருகிறது, எரு வருகிறது. அவற்றுடன் இரு வீடுகளுக்கு இடையே பேச ஒரு காரணமும் வருகிறது. இனப்படுகொலையில் கணவரை இழந்த பெண்கள் 1995-இல் தொடங்கிய 'அவேகா' சங்கமும் வீடு, மருத்துவம், வருமானம் ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே மன ஆறுதல் பணியையும் செய்துவருகிறது.

யாருடைய துக்கத்துக்கு இடமில்லை?

ருவாண்டாவைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுவது சரியாகாது. இனப்படுகொலையை முடிவுக்குக் கொண்டுவந்து ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் செய்ததாகக் கூறப்படும் கொலைகளைக் கச்சாச்சா நீதிமன்றங்கள் விசாரிக்கவில்லை. மனித உரிமை அமைப்புகள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. அக்கொலைகளில் உறவினரை இழந்த ஹுட்டு குடும்பங்களுக்கு வெளிப்படையாக அழ இடமில்லை. அரசு வகுத்த நினைவேந்தலுக்கு வெளியே பேசுவது சட்டச் சிக்கலை வரவழைக்கலாம் என்ற அச்சமும் நிலவுகிறது. சமூக சிகிச்சைக் குழுக்களின் மூடிய வட்டத்தில்தான் அத்தகைய துக்கம் சில வேளைகளில் சொல்லப்படுகிறது. நினைவேந்தலை அரசு நடத்தலாம். யார் யாருக்காக அழலாம் என்பதையும் அரசே முடிவு செய்யும்போது, ஆறாத ஒரு பகுதி எஞ்சிவிடுகிறது.

இன்னொரு சுமை அடுத்த தலைமுறையின் தோளில் உள்ளது. 1994-க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று அந்நாட்டு மக்கள்தொகையில் பெரும்பான்மையினர். தாய் ஏன் ஏப்ரல் மாதம் முழுவதும் பேசுவதில்லை, தந்தை ஏன் சிறையில் இருந்தார் என்ற கேள்விகளுடன் அவர்கள் வளர்ந்தனர். வன்கொடுமையால் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள், தாயிடம் தந்தையின் பெயரைக் கேட்க முடியாமல் வளர்ந்தனர். தாயும் பிள்ளையும் தனித்தனிக் குழுக்களில் தொடங்கி, பின்னர் ஒன்றாக அமரும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

கச்சாச்சா விதித்த நீண்டகாலத் தண்டனைகளை முடித்தவர்கள் இப்போது சிறைகளிலிருந்து ஊர் திரும்பி வருகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளியுலகைக் காணாத அவர்களில் பலர் முதியவர்கள். விடுதலைக்கு முன்பே அவர்களுக்கெனச் சிறைக்குள் வட்டம் கூட்டப்படுகிறது. ஊரில் உள்ள அவர்களது குடும்பத்தினருடனும், அவர்களால் பாதிக்கப்பட்டவர்களுடனும் தனித்தனியே பேச்சு நடக்கிறது. வெளியே வருபவர் முதலில் யாரைப் பார்ப்பார், எந்தப் பாதையில் நடப்பார், சந்தையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதா, விலகிச் செல்வதா என்பது வரை அங்கே பேசப்படுகிறது.